மதில் தாண்டும் நாயும் மனம் தளராத நீயும்

மறுபடியும் ஓடிவிட்டதா? "ஏ அண்ணாச்சி, ஒங்க நாய் எங்க கோழியக் கவ்விட்டுல்லா போவுது!" என்று பக்கத்து வளவிலிருந்து குரல் வந்ததும், செருப்பைக்கூட மாட்டாமல் முடுக்கு முடுக்காகத் துரத்திக்கொண்டு போனாயா? மூச்சு வாங்கத் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாய். அதற்குள் தெருவே கூடிப் புத்தி சொல்லியிருக்கும். சங்கிலியைப் போட்டு மூலையில் கட்டு என்றிருப்பார் ஒருவர். வண்டியில் ஏற்றி ஆத்துக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்துரு என்றிருப்பார் இன்னொருவர். வீட்டுக்குள்ளிருந்தே, "ஒன்னால ஒரு நாயக்கூட ஒழுங்கா வளக்க முடியலியா?" என்ற கேள்வியும் வந்திருக்கும். அந்தக் கேள்வி உன்னைச் சுட்டதல்லவா? சுடட்டும் தம்பி! அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுந்து நில். உன்னால் முடியும் என்று அடித்துச் சொல்கிறேன். எப்படி முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உன் வீட்டில் வளர்வது யார் என்று தெரிந்துகொள். தாமிரபரணிக்கு வடக்கே கயத்தாறு, கழுகுமலை, கோவில்பட்டி என்று விரிந்து கிடக்கிற கரிசல் காடு கன்னி நாய்களின் சீமை. கறுப்பும் பழுப்புமாய் மெருகேறிய உடம்பு, ஆழ்ந்த நெஞ்சு, முதுகோடு ஒட்டிய வயிறு. கருங்கன்னி, பால்கன்னி என்று நிறம் பார்த்துப் பிரித்துப் பேசுவார்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, தன் ஊர்ப் பெயரையே ஒரு நாயினத்துக்குக் கொடுத்திருக்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் நம் ராஜபாளையமும் இடம்பெற்றது. பெண்ணுக்குச் சீர்வரிசையோடு நாய்க்குட்டியும் கொடுத்து அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் கதை சொல்கிற ஊர்கள் இங்கே உண்டு. அத்தனை மதிப்பு!

கன்னியும் சிப்பிப்பாறையும் மூக்கைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய்கள். தூரத்துப் புதரில் முயலின் காது அசைந்தால் போதும், அடுத்த நொடியில் கால் தரையில் இருக்காது. தலைமுறை தலைமுறையாக ஓட்டத்துக்கென்றே பொறுக்கி வளர்த்த உடம்பு அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டைக்குத் தடை விழுந்தது. விழ வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நாயின் வேலை போன பிறகும் அதன் காலில் இருந்த ஓட்டம் போகவில்லை. அந்த ஓட்டத்தை நீ இரண்டரை சென்ட் மனையில், பைக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அடைத்து வைத்திருக்கிறாய். அது மதில் தாண்டாமல் என்ன செய்யும்?

"என்னோடது சாதி நாய் இல்ல, தெருவுல எடுத்தது" என்கிறாயா? அதற்கும் குறைவில்லாத துடிப்பு உண்டு, குறைவில்லாத அறிவும் உண்டு. 1960 ஆகஸ்டில் சோவியத் விண்கலத்தில் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கிய பெல்காவும் ஸ்த்ரெல்காவும் மாஸ்கோத் தெருக்களில் திரிந்த நாய்கள்தான். கர்நாடகத்து முதோல் நாயை மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படை மையம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. நாட்டு நாய் எதற்கும் பழகாது என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்கிறவருக்குப் பழக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். சாலிகுளத்துக் காட்டில் வேட்டைக்குப் போன இடத்தில், ஒரு முயல் திரும்பி நின்று ஏழு வேட்டை நாய்களை எதிர்த்ததாம். இந்த மண்ணில் ஏதோ வீரம் இருக்கிறது என்று எண்ணிக் கட்டபொம்மனின் முன்னோர் அங்கேயே கோட்டை கட்டினார்களாம். நடந்ததோ இல்லையோ, நம் பாட்டன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த கதை அது. ஏழு நாய்க்கு எதிரே ஒற்றை முயல் நின்றது என்று நம்பிய சீமையில் பிறந்துவிட்டு, உன் கையில் சாப்பிடுகிற, உன் காலடியில் தூங்குகிற ஒரே ஒரு நாயிடம் நீ தோற்றுப்போனதாகச் சொல்லலாமா?

சரி, வேலையைத் தொடங்குவோம். உன் முதல் வேலை பார்ப்பது. ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாய்க்குத் தெரியாமல் அதைக் கவனி. எந்த இடத்தில் தப்புகிறது? மதிலைத் தாவுகிறதா, கேட்டுக்கு அடியில் நுழைகிறதா, மண்ணைத் தோண்டுகிறதா, பால்காரர் வரும் நேரம் பார்த்து இடுக்கில் பாய்கிறதா? எந்த நேரத்தில்? ஆள் இல்லாதபோதா, அந்தி மயங்கும்போதா, தெருவில் இன்னொரு நாய் போகும்போதா? பலபேர் இதைப் பார்ப்பதே இல்லை. "எப்படியோ போயிருது" என்பார்கள். அந்த "எப்படியோ" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடு. எப்படி என்று கண்ணால் பார்த்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவர் வளர்ப்பது ஒரு கருங்கன்னி. நாலுபேர் கூடி மதிலை உயர்த்தச் சொன்னார்கள், அதற்குக் காசுக்கு எங்கே போவது? மடியில் சுளகை வைத்து இலை நறுக்கிக்கொண்டே அவர் நாயைக் கவனித்தார். தென்னை மட்டைகளை மதிலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். நாய் அதில் முன்னங்காலை வைத்து ஏறி, அங்கிருந்து துவைக்கிற கல், அங்கிருந்து மதில், மறுபக்கம் தெரு. மட்டைக் குவியலைப் பெயர்த்து நடு முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டார். கல்லுக்கு மேலே மதிலில் பழைய இரும்புக் கம்பி வலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டினார். செலவு என்று பார்த்தால் கட்டுக்கம்பிதான். அன்றைக்குச் சாயங்காலம் நாய் வழக்கமான இடத்துக்குப் போய் நின்று, மேலே பார்த்து, திரும்பி அக்காவையும் பார்த்ததாம். "அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றார் அவர்.

நீயும் அப்படிச் செய். ஏறப் படியாக இருக்கிற விறகு, டிரம், பழைய நாற்காலி எல்லாவற்றையும் மதிலை விட்டுத் தள்ளி வை. தோண்டுகிற நாய் என்றால் வேலியோரம் உள்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கம்பி வலையைப் படுக்கவைத்துப் புதைத்து, மேலே கல்லைப் பரப்பு. கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பலகை வைத்து அடை. கேட்டைத் திறப்பதற்கு முன் வாசல் கதவைச் சாத்த வேண்டும் என்பதை வீட்டில் சின்னப் பிள்ளை முதல் ஆச்சி வரை எல்லோரும் பழக வேண்டும். ஆனால் மதில் மேல் கண்ணாடிச் சில்லைப் பதிக்காதே, கருவேல முள்ளைக் குவிக்காதே. நாய் அதற்காக நிற்காது. வயிறு கிழிந்து வந்து நிற்கும். அதைப் பார்க்க உனக்குத் தாங்குமா?

இந்த அடைப்பு வேலையில் ஏன் இத்தனை கண்டிப்பு? ஒவ்வொரு முறை தப்பும்போதும் நாய்க்குக் கூலி கிடைக்கிறது. தெருவின் வாசனை, கோழிக்கடை எலும்பு, துரத்திவிளையாடக் கூட்டாளிகள்! பத்தில் ஒருமுறை மட்டும் தப்ப முடிந்தாலும், அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பது முறையும் சளைக்காமல் முயலும். அந்த விடாமுயற்சி நாய்க்கே இருக்கிறது என்றால் உனக்கு இருக்க வேண்டாமா?

சங்கிலியைப் பற்றி இப்போது பேசியாக வேண்டும். நாளெல்லாம் ஒரு முழச் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் அடங்காது, மூர்க்கமாகும். குரைத்துக் குரைத்துக் குரல் கம்மும், ஆளைக் கண்டால் பாயும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிற நாய்க்கு உரிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். கொண்டுபோய் அநாதையாக விட்டுவிட்டு வருவதும் அதே 11ஆம் பிரிவில் குற்றம்தான். சட்டத்துக்குப் பயந்து இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. உன்னை நம்பி வந்த உயிரை ஆத்துக்கு அக்கரையில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிற கை உன் கையாக இருக்கக் கூடாது என்கிறேன்!

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கடலுக்குப் போகும் வழியில் எத்தனை அணைக்கட்டு? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு. இவற்றில் ஒன்றாவது ஆற்றைக் கட்டிப்போடக் கட்டியதா? வருகிற தண்ணீரின் மட்டத்தை ஏற்றிக் கால்வாயில் திருப்பிவிடுகிறது, மிச்சத்தை மேலே வழிந்தோட விடுகிறது. அந்தத் திருப்பலில்தான் சேரன்மகாதேவியிலும் கோபாலசமுத்திரத்திலும் வயல் விளைகிறது. ஆற்றின் வேகத்தோடு மல்லுக்கு நிற்காமல் அதை வேலைக்கு அழைத்துப்போன மக்களின் வாரிசு நீ. உன் நாயின் வேகத்தையும் அப்படித் திருப்பு.

எப்படித் திருப்புவது? விடியும் முன்னே எழு. "எனக்கு அவ்வளவு சீக்கிரம் முழிப்பு வராது" என்று சொல்லாதே. நாய் உன்னை எழுப்பும். சூடு ஏறுவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில் பத்து மணிக்குத் தார் ரோட்டில் உன் புறங்கையை வைத்துப் பார். ஐந்து நொடி தாங்காவிட்டால் அதன் பாதத்துக்கும் தாங்காது. கழுத்துப் பட்டையை நம்பாதே. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் தலை ஒடுக்கம், கழுத்து அகலம். பின்னால் இழுத்தால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். மார்போடு சேர்த்துப் பூட்டுகிற பட்டையை வாங்கு. பொட்டலில் முப்பதடி நீளக் கயிறு மாட்டி ஓடவிடு. வயிறு நிறைய ஊட்டிவிட்டு ஓடவிடாதே. ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, உயிரே போய்விடும். ஓடி முடித்து இளைப்பாறிய பிறகு சாப்பாடு. ஆற்றங்கரைக்குப் போனால் குளிக்கிற பெண்கள், பிள்ளைகள் பக்கம் கயிற்றை அவிழ்க்காதே. உன் நாயை நேசிப்பது உன் உரிமை, அதற்குப் பயப்படுவது அவர்கள் உரிமை.

காலோடு சேர்த்து மூளைக்கும் வேலை கொடு. ஐந்து சிரட்டைகளைக் கவிழ்த்து வை, ஒன்றின் அடியில் அவித்த முட்டைத் துண்டை ஒளி. நாய் ஒவ்வொன்றாக முகர்ந்து, மூக்கால் தள்ளி, கண்டுபிடிக்கிற வரைக்கும் நீ வாய் திறக்காதே. அந்தக் கால்மணி நேரத் தேடல் நாயை எவ்வளவு களைக்க வைக்கிறது என்று நீயே பார்ப்பாய். முடித்ததும் முற்றத்தில் காலை நீட்டிப் படுத்துவிடும்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. கூப்பிட்டால் வர வேண்டும்! இங்கேதான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. ஓடிப்போன நாய் தானாகத் திரும்பி வருகிறது. வாசலில் நிற்கிற மனிதர் விளக்குமாற்றால் ரெண்டு வைக்கிறார். நாய் என்ன கற்றுக்கொள்ளும்? ஓடியதற்கு அடி என்றா? இல்லவே இல்லை. வந்ததற்கு அடி என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் தூரம் போகும், இன்னும் தாமதமாக வரும். எத்தனை கோபம் இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொள். திரும்பி வந்த நாய்க்குத் தடவலும் தீனியும்தான்.

உணவும் ஓசையும் சேர்ந்தால் நாயின் உடம்பே அந்த ஓசைக்குப் பழகும் என்று ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் நூறு ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். உனக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு விசில் போதும். விசில் அடித்த அடுத்த கணம் ஈரல் துண்டு. முதலில் ஒரு முழத் தூரத்தில், அப்புறம் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, அப்புறம் பொட்டலில் நீளக் கயிற்றோடு. குளிப்பாட்டவோ ஊசி போடவோ அந்த விசிலால் கூப்பிடாதே. அப்போது நீயே நடந்து போய்ப் பிடித்துக்கொள். முக்கூடல் அக்கா விசில் வாங்கவில்லை. நாக்கைச் சொடுக்குவார். பீடித்தூளில் மூக்கை வைக்காதபடி நாயை நாலடி தள்ளிப் படுக்கவைத்து, ஒரு கட்டு சுற்றி முடித்ததும் ஒரு சொடுக்கு, ஒரு துண்டு முட்டை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டோ அத்தனை பாடம். தனியாக நேரம் ஒதுக்கவே இல்லை அவர். வேலையும் நடந்தது, கூலியும் குறையவில்லை. இப்போது அவர் தெருவில் நின்று சொடுக்கினால் முடுக்கின் அந்தக் கடைசியிலிருந்து கறுப்பாய் ஒரு மின்னல் வருகிறது. நேரமில்லை என்று சொல்கிறவர்களே, அந்த மனுஷியை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்!

எல்லா ஓட்டத்துக்கும் துடிப்பு மட்டும் காரணமில்லை. சினைக்கு வந்த பெட்டையின் வாசம் வெகுதூரத்திலிருந்தே கடுவனை இழுக்கும். அதற்கு எந்த மதிலும் போதாது. கருத்தடை செய்துவிட்டால் அந்த அலைச்சல் பெருமளவு அடங்கும். ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற மாவட்டம் இது, கேட்க ஆளில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. பயமும் நாயை ஓட்டும். ஊரில் சுடலைமாடன் கொடை என்றால் மேளமும் மகுடமும் வேட்டும் விடிய விடியக் கேட்கும். தீபாவளி வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நாள்களில் பொழுது சாயும் முன்பே நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் விட்டு, ஃபேனையும் டிவியையும் ஓடவிடு. கூட நீயும் இரு. கொடைக்குப் போகாமல் ஒருத்தர் வீட்டில் இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

விளையாட்டாக எண்ணிவிடாதே. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம் பக்கத்து மலையடி ஊர்களில் இரவில் அலைகிற நாயைச் சிறுத்தை தூக்கிப்போவது புதிதில்லை. பக்கத்திலேயே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. கீழே வந்தால் நாற்கரச் சாலை, இரவு லாரிகள். ஓடுகிற நாய் வெறிநாயிடம் கடிபட்டு வந்தால் உன் வீட்டுப் பிள்ளைக்கே ஆபத்து. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆண்டுதோறும் தடுப்பூசியைத் தவறவிடாதே, பட்டையில் உன் போன் நம்பரை எழுதி வை. உன் நாய் யாரையாவது கடித்து, காரணம் உன் அலட்சியம் என்றானால் பாரதிய நியாய சன்ஹிதையின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ காத்திருக்கலாம். அதைவிட முக்கியம், பக்கத்து வளவு அண்ணாச்சியின் கோழிக்கு ஈடு கொடு. கேட்கும் முன்பே போய்க் கொடு, தலைநிமிர்ந்து கொடு. "நாயப் பழக்கிக்கிட்டிருக்கேன், கொஞ்சநாள் பொறுத்துக்கிடுங்க" என்று சொல். பொறுப்பை ஏற்கிற மனிதனை எந்த ஊரும் கேவலமாகப் பார்ப்பதில்லை.

தங்கச்சி, உன்னிடமும் ஒரு வார்த்தை. "ஆம்பளை இழுத்தாத்தான் நாய் நிக்கும்" என்று சொல்வார்கள். நம்பாதே! நாய் கை பலத்துக்குக் கட்டுப்படுவதில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே சொல், ஒரே முகம், இவற்றுக்குக் கட்டுப்படும். மிலிட்டரி மீசை வைத்தவரை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய் ஆச்சியின் ஒரு அதட்டலுக்கு உட்கார்வதை நீயே எத்தனை வீட்டில் பார்த்திருப்பாய்!

கொஞ்ச நாளில் நாய் மாறத் தொடங்கும். நீயும் மாறியிருப்பாய். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கிற சமயத்தில் ஒருநாள் கேட்டு திறந்து கிடக்கும், நாய் மறுபடி ஓடும். அன்றைக்கு "நாந்தான் சொன்னேம்லா" என்று சிரிக்க நாலுபேர் வருவார்கள். வரட்டும். நீ துரத்தாதே. துரத்தினால் அதற்கு விளையாட்டு. எதிர்த்திசையில் நாலு எட்டு ஓடு, அல்லது தெருவிலேயே குத்தவைத்து உட்கார். விசிலை ஊது. வந்ததும் ஈரல் துண்டைக் கொடு, பட்டையை மாட்டு, வீட்டுக்குக் கூட்டி வா. கேட்டுக் கொண்டி ஏன் விழவில்லை என்று பார்த்து அன்றைக்கே சரிசெய். மறுநாள் விடியுமுன் வழக்கமான நேரத்துக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குக் கிளம்பு.